நாலு பேர் முன்னால்

அம்பலவாணன் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அதில் கடைசிப் பதினோரு வருஷம் பெஞ்ச் கிளார்க். நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு மேஜையில் உட்கார்ந்து, கட்டுக் கட்டாக ஊரார் குடும்பங்களைப் புரட்டுவதுதான் உத்தியோகம். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், விவாகரத்து, பெற்ற தாய் பிள்ளை மேல் போட்ட கேஸ் என்று சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்துச் சண்டை அத்தனையும் அவர் கை வழியாகப் போனது. ஒருநாள், கல்யாணமாகி எட்டே மாதமான ஒரு பெண்ணைக் கூண்டில் நிறுத்தி எதிர்த்தரப்பு வக்கீல் படுக்கையறை விவரமெல்லாம் கேட்டார். வேறு கேசுக்காக வராந்தாவில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் அம்பலவாணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி முத்துமீனாளிடம் சொன்னார்.

“ஏட்டி மீனா, நம்ம வீட்டுக் கதை மட்டும் இந்த நடையைத் தாண்டக் கூடாது. என்ன நடந்தாலும் சரி.”

அப்போது அந்த வீட்டில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரே மகன் சங்கரகணேஷ் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். கணக்கில் அவன்தான் எப்போதும் முதல் மார்க்.

மறைக்க வேண்டியது, அவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது வந்தது. பாளையங்கோட்டை விடுதியிலிருந்து ஒரு பையோடு திரும்பி வந்தவன், அறை மின்விசிறிக்குள் மைக் வைத்துத் தன் பேச்சைப் பதிவு செய்கிறார்கள் என்றான். பத்து நாள் கண் மூடவில்லை. அடுப்படியில் நின்று இல்லாத ஆட்களுக்குப் பதில் சொன்னான். திருநெல்வேலி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே எந்த டாக்டர் வாசலில் போய் நின்றாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும் என்று அம்பலவாணன் அவனை மதுரைக்குக் கூட்டிப் போனார். ஊரில் மஞ்சள் காமாலை என்று சொன்னார். மாத்திரை கேட்டது. பையன் தெளிந்து படிப்பை முடித்தான், பரீட்சை எழுதி வாசுதேவநல்லூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனான். இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்தியும் விட்டார்கள்.

பெண் பார்த்ததும் வாசுதேவநல்லூரில்தான். காந்திமதிநாதன் என்று ஓய்வு பெற்ற வாத்தியார், அவர் மகள் சிவப்ரியா, இளையரசனேந்தலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் முன் காந்திமதிநாதன் கேட்டார். “மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் கிடையாதுல்லா அண்ணாச்சி?”

“ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கான்” என்றார் அம்பலவாணன். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டாம் வருஷம் நோய் திரும்பி வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் தன்னைப் பதிவு செய்கிறார்கள் என்று சங்கரகணேஷ் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். மறுபடியும் மதுரை. இந்தத் தடவை ஊருக்குச் சொன்னது முதுகுத் தண்டுவட வலி. மாத்திரையை ராஜபாளையத்தில் வாங்கி, அட்டையிலிருந்து உதிர்த்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தார் அம்பலவாணன். மகன் சத்தம் போடத் தொடங்கினால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். பெரியவருக்குக் காது மந்தம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று அவர் காது கேளாதவர் போலவே நடந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சிவப்ரியா பீரோவில் சேலை அடுக்கும்போது பழைய பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கண்டுபிடித்தாள். உள்ளே மதுரை டாக்டரின் சீட்டு. அதில் இருந்த தேதி அவள் கல்யாணத்துக்கு எட்டு வருஷம் முந்தியது. அவள் அதைக் கொண்டுவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் முன்னால் வைத்தாள். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அழுவாள், பெட்டியைக் கட்டுவாள், அப்பாவுக்குப் போன் போடுவாள் என்று காத்திருந்தார்.

அவள் கேட்டது ஒன்றுதான். “மாமா, அப்ப எந்த மாத்திரைக்கு அவியளுக்கு நல்லாச்சு? இதுல எழுதியிருக்கதையே இப்பவும் கேட்டுப் பார்க்கலாம்லா?”

அதற்குப் பிறகு அந்தச் சீட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. தன் தாய் தகப்பனிடமும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முத்துமீனாள் குளிக்கப் போயிருந்தாள், அம்பலவாணன் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால், மறுபடியும் விடுப்பில் வீட்டோடு இருந்த மகன் இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை, அலுவலகப் பை இரண்டும் இல்லை. போன் மட்டும் தலையணை மேல் இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தார். காகிதத்தில் சுற்றி, நாக்கில் வைத்துத் துப்பிய மாத்திரைகள். மூன்று வாரத்து மாத்திரை இருக்கும்.

அப்போது மணி பத்தரை. சிவப்ரியாவுக்கு உடனே சொல்லவில்லை. தானே தேடிப் பிடித்து, ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கிளம்பினார். கோயில் பிராகாரம், தெப்பம், ரயில் நிலையம், பூ மார்க்கெட் எல்லா இடத்துக்கும் நடந்தார். யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கண்ணால் மட்டும் துழாவினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரசூல், பக்கத்து வீட்டு ஷரீபா பீவியின் மகன், எட்டிப் பார்த்துக் கூப்பிட்டான்.

“என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல? யாரையும் தேடுதியளா?”

“சும்மாதாம்ப்பா. நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு” என்று சொல்லிவிட்டு அம்பலவாணன் நடந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் கால் ஓய்ந்த பிறகுதான் மருமகளுக்குப் போன் செய்தார். அவள் கிடைத்த பஸ்ஸில் ஓடி வந்தாள்.

“போலீஸுக்குச் சொன்னியளா மாமா? பஸ் ஸ்டாண்டுல கேட்டியளா?”

“என்னன்னு கேக்கச் சொல்லுத? பைத்தியம் ஓடிப்போச்சு பார்த்தியளான்னா? சாயங்காலத்துக்குள்ள அவனே வந்திருவான். கொஞ்சம் பொறு.”

“ரெண்டு மாசத்துக்கு முந்தி இந்தப் பக்கத்து ஊர் ஒண்ணுல, பிள்ளை பிடிக்க வந்தவன்னு சொல்லி ஒரு ஆளைக் கட்டி வச்சு அடிச்சாவல்லா, அந்த ஆளும் இப்படித்தான் மாமா. நான் பொறுக்க மாட்டேன்.”

அவள் மாமனாரோடு வேறு வாதம் பண்ணவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நேரே போனது ரசூல் கடைக்கு. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கணவன் படத்தைப் போனில் காட்டி, இந்தப் படத்தை இருபது பிரிண்ட் போடு, இவருக்கு மனசு சரியில்லை, வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று எல்லோர் காதிலும் விழவே சொன்னாள்.

ரசூல் தலையில் கை வைத்தான். “அக்கா, நான் பார்த்தேனே! பதினோரு மணிக்கு முன்னால திருநெல்வேலி பஸ்ல ஏறினாவ. ஆபீஸ் வேலையா போறாவன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அண்ணாச்சி இங்கன வந்து நின்னாவ, யாரைத் தேடுதியன்னுகூடக் கேட்டேன். சும்மா நடக்கேன்னுட்டாவ.”

அந்த ஒரு பதிலால் போனது மூன்று மணி நேரம். சிவப்ரியா அதைக் கணக்குப் பார்க்க நிற்கவில்லை. ரசூல் போனிலேயே தன் குரலைப் பதிவு செய்தாள். வியாபாரிகள், கண்டக்டர்கள், தெருக்காரர்கள் என்று அவன் இருந்த குழுக்கள் அத்தனைக்கும் படத்தோடு அது போனது.

அம்பலவாணன் அந்தக் குரலைக் கேட்டது மேலரத வீதியில், ஒரு பூக்கடை வாசலில். பூக்காரர் கையிலிருந்த போனுக்குள்ளிருந்து தன் மருமகள் பேசுகிறாள்.

“என் பேரு சிவப்ரியா, டீச்சரா இருக்கேன். படத்துல இருக்கது என் வீட்டுக்காரர் சங்கரகணேஷ், கோர்ட்டு அம்பலவாணன் சார் மகன். அவருக்கு மனநோய் இருக்கு. மூணு வாரமா மாத்திரை சாப்பிடல. யாரோ தன்னைப் பதிவு பண்ணுதாங்கன்னு பயப்படுவாரு. பார்த்தா கும்பலாப் போகாதீங்க. படம் எடுக்காதீங்க. ஓடினா விரட்டாதீங்க. அவரு யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டாரு. ஒரே ஒரு ஆள் போய் உக்காந்து, உங்க சிவா வந்துக்கிட்டு இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, என்னைய அப்படித்தான் கூப்பிடுவாரு. அடிச்சிராதீங்கய்யா. கையெடுத்துக் கும்பிடுதேன்.”

பூக்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அம்பலவாணனுக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தது போல் இருந்தது. விறுவிறுவென்று ரசூல் கடைக்குப் போனார். எத்தனையோ வருஷம் காத்த பொறுமையெல்லாம் அங்கே போய் உடைந்தது.

“சந்தி சிரிக்க வச்சுட்டியேம்மா! என் பேரையும் சேர்த்துச் சொல்லி ஊர் பூரா நாறடிச்சுட்டியே! இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் வெளிய வருவேன்?”

சிவப்ரியா பிரிண்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தா, அவரோடு பல வருஷம் டீ குடித்தவர்தான், அவளைப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்மா, இது கல்யாணத்துக்கு முந்தியே இருந்துச்சோ? மறைச்சுல்லா கட்டி வச்சுட்டாவ போலிருக்கு?”

கேட்க வேண்டிய கேள்விதான். கோர்ட்டில் இப்படி எத்தனை கேள்வி அம்பலவாணன் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு எத்தனை பெண்கள் “ஆமாங்கய்யா” என்று சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறார்.

சிவப்ரியா மாமனாரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குமாஸ்தாவிடம் சொன்னாள். “இல்லையே. எல்லாத்தையும் சொல்லித்தான் கட்டி வச்சாவ. தெரிஞ்சுதான் நான் சம்மதிச்சேன்.”

அம்பலவாணன் அப்படியே ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டு விஷயம் அத்தனையையும் கொட்டிவிட்டாள் என்று அவர் நினைத்தவள், மகன் உயிருக்குத் தேவையானதை மட்டும்தான் கொட்டியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய மானத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டாள்.

நாலேகால் மணிக்கு ரசூல் போன் அடித்தது. பனவடலிசத்திரத்தைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். ஒரு பெண் பேசினாள். “உங்க ஆளு இங்கன இருக்காரு. பத்திரமா இருக்காரு. அந்த டீச்சரைக் கூட்டிக்கிட்டு வாங்க.”

ரசூல் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் ஆம்னி வேனை எடுத்தான்.

போன் செய்தவள் பெயர் இசக்கிச்செல்வி. நூறு நாள் வேலையில் ஆட்களுக்கு வருகை போடும் பொறுப்பு அவளுக்கு. வேலைக்காரர்களைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியிருப்பதால் கையில் எப்போதும் போன் இருக்கும். வேன் போய் நின்றபோது ஒரு வேப்பமரத்தடியில் அவளும் சங்கரகணேஷும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. முழங்கையில் சிராய்ப்பு, அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தது. போனை அவள் எங்கோ தூரத்தில் ஒரு கல் மேல் வைத்திருந்தாள். சிவப்ரியா ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

“சிவா, இந்த அக்கா ரெக்கார்டு பண்ணல” என்றான் அவன்.

“தெரியும். வீட்டுக்குப் போவோமா?”

“ம்.”

இசக்கிச்செல்வி அம்பலவாணனைத் தள்ளிக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். “பள்ளிக்கூடத்துச் சுவரு ஓரமா ரொம்ப நேரம் நின்னுருக்காரு அண்ணாச்சி. இங்க உள்ள பயலுவ பார்த்துட்டு, பையில என்ன வச்சிருக்கன்னு பிடுங்கியிருக்கானுவ. இவரு ஓடவும் விரட்டிப் பிடிச்சுட்டானுவ. ஒருத்தன் கம்பு எடுத்துட்டான். நான் கண்மாய்க் கரையில வேலையில இருந்தேன். அப்பத்தான் எங்க மகளிர் குழுவுல அந்தப் பிள்ளை பேசினது வந்துச்சு. படத்தைப் பார்க்கேன், அந்தா அங்கன இவரு! ‘ஏலே கையை எடுங்கலே, இதைக் கேட்டுட்டு அடிங்கலே’ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். சத்தமா வச்சுக் காட்டினேன். அடிச்சிராதீங்கய்யான்னு அது சொல்லுத இடத்துல கம்பு வச்சிருந்த பயலே அழுதுட்டான். இன்னும் அஞ்சு நிமிசம் போயிருந்தா என்ன ஆயிருக்குமோ, எனக்குத் தெரியாது.”

அம்பலவாணன் தன் வாழ்நாளில் நீதிபதிகளைத் தவிர யாரையும் குனிந்து கும்பிட்டதில்லை. அன்று அந்த மண்ணில் அவளைக் கும்பிட்டார். “என்னைய எதுக்கு? அந்தப் பிள்ளையைக் கும்பிடுங்க” என்று அவள் விலகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சங்கரகணேஷைத் திருநெல்வேலி டாக்டரிடமே கூட்டிப்போனார்கள். அங்கே தெரிந்த முகங்கள் மூன்று இருந்தன. மூன்றும் எழுந்து இடம் கொடுத்தன.

வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தது ஷரீபா பீவி. ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சியும், தொட்டுக்கொள்ளத் துவையலும் கொண்டுவந்தாள். “உங்க வீட்டு டிவி சத்தம் கூடும்போதெல்லாம் நான் பிள்ளைக்காக துஆ கேட்பேன் அண்ணாச்சி. கதவைத் தட்டினா நீங்க சங்கடப்படுவியன்னுதான் வரல. எங்க மக ரசீதா பிள்ளை பெத்த புதுசுல ஆறு மாசம் இப்படித்தான் கிடந்தா. அப்ப நாங்களும் ஊருக்கு வேற என்னத்தையோ சொன்னோம்.” முத்துமீனாள் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். வாய்விட்டு அழ அவளுக்கு அன்றுதான் ஆள் கிடைத்தது.

எல்லாம் நல்லதாகவே நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முத்துமீனாளின் தம்பி மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம், குடும்பத்தில் இப்படி ஒரு சீக்கு இருக்கிறதாமே என்று கலைந்து போனது. தம்பி இன்றுவரை வாசல் மிதிக்கவில்லை. அம்பலவாணன் போகும்போது குசுகுசுத்தவர்களும் உண்டு. ஆனால் அவர் பயந்த அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அந்த ஜெராக்ஸ் கடை வாசலில் அவருக்காக அவள் சொன்ன பொய். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பங்குனி மாதம் காந்திமதிநாதன் வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காது குத்து என்று அழைப்பு வந்தது. சிவப்ரியாவுக்குப் பள்ளியில் பரீட்சை நேரம். அம்பலவாணன் தான் மட்டும் போய் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதேதோ பேச்சுக்கு நடுவே அம்பலவாணன் எழுந்து நின்றார்.

“வாத்தியாரே, ஒரு விஷயம் சொல்லணும்.”

“உக்காந்து சொல்லுங்க அண்ணாச்சி. உள்ள போய்ப் பேசுவோமா?”

“வேண்டாம். இதே கூடத்துல, இத்தனை பேர் முன்னாலதான் நீங்க கேட்டிய, மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு. நான் இல்லன்னேன். அது பொய். படிக்கும்போதே அவனுக்கு இந்தச் சீக்கு வந்துச்சு. தெரிஞ்சே மறைச்சேன். உங்க மகளுக்கு அது அஞ்சு வருஷமாத் தெரியும். ஒரு வார்த்தை என்னையச் சொன்னதில்ல. ஊர் கேட்டப்பகூட, எல்லாம் சொல்லித்தான் கட்டினாவன்னு எனக்காகப் பொய் சொல்லுச்சு. அந்தப் பொய் அவ தலையில இருக்க வேண்டாம். அதான் வந்தேன்.”

காந்திமதிநாதன் முகம் கறுத்தது.

“நீங்க எந்திரிச்சுப் போயிருங்க” என்றார்.

அம்பலவாணன் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். நல்ல வெயில். பத்து நிமிஷம் கழித்துப் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். காந்திமதிநாதன். கையில் விரித்த குடை.

“சங்கரன்கோவில் வண்டி நாலு மணிக்குத்தான். வெயில்ல நின்னு விழுந்து வைக்காதிய” என்றார். பஸ் வரும்வரை, குடையை இவர் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நின்றார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சிவப்ரியா எதிரே வந்தாள். அப்பா போனில் எல்லாம் சொல்லியிருந்தார்.

“ஏன் மாமா போய்ச் சொன்னிய? யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. அதான் சொன்னேன்.”

“அப்பா ரொம்ப ஏசினாவளோ?”

“குடை பிடிச்சாரு” என்றார் அம்பலவாணன். கையை ஒரு தரம் அவள் தலையில் வைத்து எடுத்தார். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காபி ஆறுது என்று அடுப்படிக்குப் போனாள்.

ஆடி மாதம் சங்கரகணேஷ் வேலைக்குத் திரும்பினான். இந்தத் தடவை விடுப்பு விண்ணப்பத்தில் உண்மையான சான்றிதழையே இணைத்தார்கள். மேலதிகாரி அவனைக் கூட்டமில்லாத பதிவறையில் உட்கார வைத்தார். மாத்திரை இப்போது அட்டையோடு சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. யார் வந்தாலும் தெரியும்படி.

அம்பலவாணனுக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். சான்றிதழுக்கு எழுதிக் கொடுப்பார், திருநெல்வேலிக்குத் துணைக்குப் போவார். “என்னைய மாதிரி மூணு மணி நேரத்தைத் தொலைச்சிராதீங்க” என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார். தன் கதையைக் கூச்சப்படாமல் சொல்லுகிறார். சொல்லும்போது மருமகள் பெயரை எத்தனை தடவை சொல்கிறார் என்று முத்துமீனாள் கேலி செய்வாள்.

இந்தப் பொங்கலுக்கு நாலு பேரும் இசக்கிச்செல்வி வீட்டுக்குப் போய் வந்தார்கள். அவள் கோழிக்குழம்பு வைக்கப் போகிறேன் என்றாள். சைவ வீட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, கத்தரிக்காய் பறிக்க ஓடினாள். சங்கரகணேஷ் அவளோடு போய்ப் பறித்துக் கொடுத்தான்.